எட்டு வயது குறைந்த ஸ்பானிஷ் வாத்தியார்

என் அண்ணன் அனிசே என்னைவிட மூன்று வயது மூத்தவன். சர்க்கார் கணக்கில் என்னைவிட ஐந்து வயது இளையவன். இரண்டுக்கும் முத்திரை குத்திய காகிதம் இருக்கிறது. இரண்டாவது காகிதத்துக்கு யோசனை சொன்னவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம்.

எங்கள் ஊர் லோக்பெந்தா. அப்பாவின் பெயர் பிலோங். மரம் வெட்டும் கம்பெனியில் லாரியில் மரம் ஏற்றும் வேலை பார்த்தார். எழுபத்தெட்டாம் வருஷம், நான் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஏற்றிய மரம் ஒன்று உருண்டு அவர் மேலேயே விழுந்தது. அண்ணனுக்கு அப்போது நாலு வயது. அப்பாவை வீட்டுக்குப் பின்னால், கோகோ மரங்களுக்கு நடுவில் புதைத்தார்கள். கம்பெனிக்காரன் சவப்பெட்டியும் சிமெண்ட் சிலுவையும் கொடுத்தான். சிலுவையில் வருஷத்தைப் பெரிதாகச் செதுக்கியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் செத்தால் தம்பி அண்ணியைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். துக்கம் முடிந்த அன்று சித்தப்பா மத்திப் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு குடம் கள்ளோடு வாசலுக்கு வந்தாராம். அம்மா ரெபேக்கா அப்போது இருபத்திரண்டு வயதுக்காரி. இடுப்பில் என்னை வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஊரே பார்க்க ஒரு வார்த்தை சொன்னாள்.

"கொழுந்தனாரே, ஆடு பசியா இருக்கு போல. கூட்டிட்டுப் போயி புல்லு போடுங்க."

அவ்வளவுதான். சித்தப்பா ஆட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு வேறொருத்தியைக் கட்டி, ஆறு பிள்ளை பெற்றும், ஊரில் அவருக்கு 'ஆட்டுக்கார மத்திப்' என்ற பெயர் போகவில்லை. சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்தால் மே என்று கத்திவிட்டு ஓடும். எங்களிடம் அவர் நன்றாகத்தான் பேசுவார். அம்மாவை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணி என்றுதான் சொல்வார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுத்தியே சொல்வார்.

அம்மா மரவள்ளியை அரைத்து, இலையில் சுற்றி அவித்து, சாலையோரம் விற்று எங்களைப் படிக்க வைத்தாள். நான் எட்டாவதோடு தையலுக்குப் போய்விட்டேன். அண்ணன் பள்ளி இறுதித் தேர்வு வரை படித்தான். அதற்கு மேல் தலைநகர் யாவுண்டேயில் பல்கலைக்கழகத்தில் வைத்துப் படிக்க வைக்க அம்மாவின் மரவள்ளிக்குத் தெம்பு இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பாடத்துக்கு வாத்தியாரை அனுப்புவதாக அரசாங்கம் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பெற்றோர் சங்கம் கூடி, வருகிற வரைக்கும் அனிசே நடத்தட்டும் என்று சொன்னது. வருகிற வரைக்கும் என்றால் ஒன்பது வருஷம்.

ஸ்பானிஷ் எதற்கு என்று எங்கள் ஊரில் கேட்காத ஆள் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சோடு இன்னொரு மொழி எடுத்தாக வேண்டும், ஒன்று ஜெர்மன், இல்லை ஸ்பானிஷ். ஸ்பெயின்காரன் ஒருவனையும் என் அண்ணன் கண்ணால் பார்த்ததில்லை. "யார்கூடடா பேசப் போற, தோட்டத்துக் குரங்குகூடயா?" என்று கள்ளுக்கடையில் கேலி பேசுவார்கள். ஒரு விடுமுறையில் அவன் கினியா எல்லைச் சந்தைக்குப் போய், அந்தப் பக்கத்து வியாபாரப் பெண்கள் ஸ்பானிஷில் சண்டை போடுவதை இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தான். திரும்பி வந்தபோது ஊரில் யாருக்கும் புரியாத வசவுகள் நாற்பது அவனிடம் இருந்தன. அம்மாவுக்கு அவற்றில் இரண்டு மிகவும் பிடித்துப்போய்விட்டன, மரவள்ளியைப் பேரம் பேசுகிறவர்கள் மேல் பயன்படுத்தினாள்.

நல்ல வாத்தியார் அவன். தங்கையாக இருப்பதால் சொல்லவில்லை, எனக்கு யாரையும் லேசில் பிடிக்காது. பரீட்சைத் தாளில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது அவன் வேதம். தெரியாவிட்டாலும் யோசித்து ஏதாவது எழுது, வெற்றிடம் விடுகிறவனுக்கு யாரும் மார்க் போடமாட்டார்கள் என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வான். அவன் பிள்ளைகள் ஸ்பானிஷில் தேறாமல் போனது அபூர்வம்.

பத்தாவது வருஷம் அரசாங்கத்து வாத்தியார் வந்தே விட்டான். பார்த்தால், அண்ணனிடம் ஆரம்பத்தில் படித்த பையன். பட்டம் வாங்கி, யாவுண்டேயில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு வருஷம் பயிற்சி முடித்து, அமைச்சகத்தில் கோப்பு போட்டு, எண் வாங்கி வந்திருந்தான். அந்த எண் இருந்தால்தான் வாத்தியார். சம்பளம், பதவி, ஓய்வூதியம் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான், ஆளுக்கு இல்லை.

"சார், மேல் வகுப்பெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க சின்ன வகுப்பு ரெண்டு வச்சுக்கங்க. சங்கத்துக்கிட்ட நான் பேசறேன்" என்று அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் அண்ணனை அறுத்தது. வீட்டுக்கு வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த நூல்களைப் பொறுக்கி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீயும் போய் படிச்சு அந்த எண்ணை வாங்கிட்டு வாயேன்" என்றேன்.

"எனக்கு இருபத்தொம்பது. பட்டம் வாங்கவே மூணு வருஷம். நுழைவுத் தேர்வுக்கு முப்பத்திரண்டு தாண்டக் கூடாது. அது ஒரே தடவையில யாருக்குக் கிடைச்சிருக்கு?"

"வயசைக் குறைச்சுக்க."

"பெர்பெத்து, நான் பொறந்தத நானே எப்படிப் பொய்யாக்கறது?"

"பந்து விளையாடறவன் குறைக்கலையா? பட்டாளத்துல சேர்றவன் குறைக்கலையா? நம்ம சர்ச் உபதேசியாரே குறைச்சுத்தான் வேலைக்குப் போனாரு. இப்போ அவரோட மூத்த மகனுக்கும் அவருக்கும் பதினொரு வயசுதான் வித்தியாசம். நீ மட்டும் என்ன பெரிய யோக்கியன்?"

மூன்று நாள் யோசித்தான். நாலாம் நாள் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு வந்தான். பழைய தேதி போட்ட பள்ளிச் சான்றிதழ் உதவாது என்பதால் பள்ளி இறுதித் தேர்வையும் புதிதாக எழுத வேண்டும், அதற்கு ஒரு வருஷம். பட்டத்துக்கு மூன்று. நுழைவுத் தேர்வுக்கு இரண்டு மூன்று முயற்சி. நடுவில் வேலைநிறுத்தம், காய்ச்சல், தலைவிதி எல்லாவற்றுக்கும் ஒன்று. விரல்விட்டு எண்ணி, எட்டு வருஷம் குறைத்தால் சரியாக வரும் என்று முடிவு செய்தோம். எழுபத்துநாலில் பிறந்தவன் எண்பத்திரண்டில் பிறந்தான். முன்பக்கமாக எத்தனையோ தடவை எண்ணினோம். பின்பக்கமாக ஒரு தடவை எண்ணிப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் இது ஒரு மத்தியான வேலை. பிறப்புச் சான்றிதழ் தீயில் போய்விட்டது என்று ஒரு மனு, இரண்டு சாட்சி. ஒருவர் உபதேசியார். இன்னொருவர் அப்பா வழியில் பெரியவராக இருக்க வேண்டும் என்றார்கள். சித்தப்பாவைக் கேட்டோம். அவர் உடனே கிளம்பி வந்தார். எழுத்தர் படித்துக் காட்டியபோது, "எண்பத்திரண்டா?" என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். "பிலோங்குக்குப் பொறந்தவன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே கட்டைவிரலை மையில் அமுக்கினார். வயதைக் குறைப்பதை நினைத்துச் சிரிக்கிறார் என்று எண்ணினேன்.

அம்மா மட்டும், "எனக்கு வலி வந்த நாள் எனக்குத் தெரியும். நீங்க எதையாவது எழுதிக்கங்க" என்றாள்.

வீட்டில் சில நாள் ஒரே கூத்து. "டேய் தம்பி, அக்காவுக்குத் தண்ணி கொண்டா" என்பேன். "இந்தாங்கக்கா, கால் தேஞ்சிடாம உக்காந்தே குடிங்க" என்பான். அவன் சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, வளர்கிற பிள்ளை என்று கைமடிப்பில் துணி விட்டிருக்கிறேன் என்றேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த கடைசிக் காலம் அது.

பள்ளி இறுதித் தேர்வை அவன் தன் மாணவர்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து எழுதினான். உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மேற்பார்வைக்கு வெளியூரிலிருந்து வந்தவர், பெரிய அதிகாரி என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னார். அண்ணன் தன் நுழைவுச் சீட்டைக் காட்டி, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தான்.

பிறகு யாவுண்டே. ஆயிரம் பேர் படிக்கிற கூடத்தில் முந்நூறு இருக்கை. விடிவதற்குள் போனால் பெஞ்சு, இல்லாவிட்டால் தரை. தரையில் உட்கார்ந்து ஸ்பெயின் நாட்டு ஆறுகளின் பெயர்களையும் செத்துப்போன ராஜாக்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்தான். உடன்படிக்கிறவர்கள் 'பெருசு' என்று கூப்பிட்டார்கள். நரை தெரியாமலிருக்க வாரம் ஒருமுறை தலையை மழித்துக்கொண்டான். நான் தைத்து அனுப்பினேன், அம்மா அவித்து அனுப்பினாள். பட்டம் வந்தது. பயிற்சிப் பள்ளி நுழைவுத் தேர்வில் முதல் தடவை பெயர் இல்லை. இரண்டாம் தடவை ரேடியோவில் பட்டியல் வாசித்தபோது, ஸ்பானிஷ் பிரிவில் கடைசிக்கு முந்திய பெயர் பிலோங் அனிசே. அம்மா விற்க வைத்திருந்த மரவள்ளி முழுவதையும் அன்றைக்குச் சாலையில் போகிறவர்களுக்குச் சும்மா கொடுத்தாள்.

இரண்டு வருஷப் பயிற்சியின் முடிவில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்று மாதம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பின் பெஞ்சில் ஒரு வழிகாட்டி உட்கார்ந்து குறிப்பெழுதுவாள். ஒன்பது வருஷம் வகுப்பெடுத்த என் அண்ணனைப் பற்றி அவள் எழுதியதை அவன் எனக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினான்: 'ஆர்வமுள்ள இளைஞர். அனுபவம் போதாது. வயது ஏற ஏறச் சரியாகும்.'

இனி மிச்சம் அமைச்சகத்தில் கோப்பு போடுவதுதான். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன், புதுச் சட்டையின் காலரை நானே சரிசெய்துவிட வேண்டும் என்று. நீளமான வரிசை. கொடுத்த படிவத்தை நின்றுகொண்டே நிரப்பினார்கள். மற்றவர்கள் பாதியை நிரப்பி, பாதிக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். என் அண்ணன் சுவரில் காகிதத்தை வைத்து, நல்ல கையெழுத்தில், ஒரு கட்டம் விடாமல் எழுதினான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்கார அம்மா வாங்கி, பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்திய பிறகுதான் படித்தாள். படித்தவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். மறுபடி குனிந்து படித்தாள்.

"தம்பி, நீ பொறந்தது எந்த வருஷம்?"

"எண்பத்திரண்டு, மேடம்."

"உங்கப்பா எப்போ காலமானாரு?"

அவன் படிவத்தை எட்டிப் பார்த்தான். படிவத்தில் அப்பாவின் பெயர், ஊர், தொழில், உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் இறந்த வருஷம் என்று கட்டங்கள் இருந்தன. எட்டு வருஷமாகப் பொய்யோடு குடும்பம் நடத்துகிறவன், அப்பா விஷயத்தில் மட்டும் உண்மையை எழுதிவைத்திருந்தான். அப்பா விஷயத்தில் பொய் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் படவே இல்லை.

"எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கே" என்றாள் அந்த அம்மா. குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து, உன்னைப் பெத்துட்டு, திரும்பப் போயி படுத்துக்கிட்டாரா?"

பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். நான் முன்னால் போய், "தப்பா எழுதிட்டாங்க மேடம், வேற படிவம் குடுங்க" என்றேன்.

"நீ யாரும்மா?"

"இவரு தங்கச்..." என்று ஆரம்பித்து, "அக்கா" என்று முடித்தேன்.

அவள் என்னையும் பார்த்தாள். கெட்டவள் இல்லை அவள், இதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். மணியை அடித்து யாரையும் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. "எண் போட்டுப் பதிஞ்சாச்சு. இனிமே கிழிச்சா நான் மாட்டுவேன். திருத்தறேன்னு போனா, ஏன்னு கேப்பாங்க. சொன்னா உள்ள தூக்கி வைப்பாங்க. ஒரு வழிதான் இருக்கு. பேரு மட்டும் குடுத்தவரு பிலோங், பெத்தவரு வேறன்னு உங்க ஊர் கோர்ட்டுல தீர்ப்பு வாங்கிட்டு வா. அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்பா ஸ்தானத்துக்கு உயிரோட யாராவது ஆம்பளை இருக்காங்களா?"

அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தான். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "விட்டுடலாம் பெர்பெத்து" என்றான். நான் விட்டிருக்க வேண்டும். எட்டு வருஷத் தையல் என் கண்ணில் நின்றது. அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

அவள் மரவள்ளி மாவை இலையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு சட்டி முடிந்த பிறகு கையைக் கழுவினாள்.

"யாரோட பேரு போடணும்?"

அவளுக்கே தெரியும். எங்கள் ஊரில் செத்த அண்ணனின் வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தம்பியைத் தவிர வேறு யார் பெயரைச் சொன்னாலும், அம்மாவை இன்னும் மோசமான பெயரால் அழைப்பார்கள்.

"இதுக்கு அவன் என்ன கேப்பான்?" என்றாள்.

அதைக் கேட்டுவர நானும் அண்ணனும் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். சித்தி எங்களுக்குக் கறுப்புக் குழம்பு ஊற்றிய மீன் வைத்தாள். சித்தப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வயசாகிவிட்டதால் கள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சித்தப்பா, உங்களுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றான் அண்ணன்.

"எனக்கு என்னடா செய்யப் போற? நீ என் அண்ணன் புள்ள. நீ வாத்தியாரா வந்தா எனக்குப் பெருமைதானே? எனக்கு ஒண்ணும் வேணாம்." கோப்பையைக் கீழே வைத்தார். "தீர்ப்பு வந்ததும் ஒரு ஜெராக்ஸ் மட்டும் குடு. அது போதும்."

இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

நீதிமன்றத்தில் அம்மா ஞாயிற்றுக்கிழமை உடுப்பை உடுத்தியிருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சுகளில் இருந்தார்கள், யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார்கள். நீதிபதி சின்ன வயசுக்காரர், வெளியூர். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க கணவர் இறந்த பிறகு, இங்க நிக்கிற மத்திப் உங்களை மனைவியா வச்சிருந்தாரா?"

"ஆமாங்க."

"இந்த அனிசே அவருக்குப் பொறந்த பிள்ளையா?"

"ஆமாங்க."

தலையைக் குனியவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். பின் பெஞ்சில் யாரோ மெல்ல மே என்றார்கள். இந்த முறை அது சித்தப்பாவுக்காக இல்லை.

வெளியே வந்ததும் சித்தப்பா, "பாத்து இறங்கு, ரெபேக்கா" என்றார். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பெயர் சொன்னார். அம்மா படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு இறங்கினாள்.

அண்ணனுக்கு எண் வந்தது. பக்கத்து நகரத்துப் பள்ளியில் நியமனம். சின்ன வகுப்பு, பெரிய வகுப்பு எல்லாம் அவனுக்குத்தான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு நாற்காலி ஒன்று வாங்கி வந்தான், கைவைத்த நாற்காலி. அதில் பெரும்பாலும் சித்தப்பாதான் உட்கார்ந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, வாசலில் ஊர் பார்க்க உட்கார்ந்து, "ரெபேக்கா, தண்ணி" என்பார். அம்மா தண்ணீரை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் அப்பாவின் சிலுவைக்கு அருகில் புல் பிடுங்குவாள். சந்தையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள், "அப்போ அந்த ஆட்டைத் திருப்பி அனுப்பினதெல்லாம் நாடகமா? பகல்ல ஆடு போச்சு, அப்புறம் ஆளு வந்துச்சா?" அம்மா எல்லைச் சந்தை வசவில் பதில் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நாளில் சாலையோரம் விற்கப் போவதையே நிறுத்திவிட்டாள்.

அதற்குள் நான் கல்யாணமாகி அதே நகரத்துக்குப் போய்த் தையல் கடை வைத்திருந்தேன். என் பக்கத்துக் கடைக்காரியின் மகள் அண்ணனிடம் படித்தாள். ஸ்பானிஷ் புத்தகத்தில் முதல் பாடம் என் குடும்பம். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, என் அப்பாவின் பெயர் இன்னது என்று சொல்ல வேண்டும். பழைய பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை அவன் ஒரு வாரம் நடத்துவான், பிள்ளைகளை மட்டுமில்லை, அவர்கள் வீட்டு நாயையும்கூட அறிமுகப்படுத்தச் சொல்வான். "எங்களுக்கு அந்தப் பாடமே நடத்தலக்கா. நேரா ரெண்டாவது பாடத்துக்குப் போயிட்டாரு" என்றாள் அந்தப் பெண்.

போன மழைக்காலத்துக்கு முன்பு அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்றார்கள். சாவதற்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், "உங்கப்பாகிட்டதானே வைப்பீங்க?" ஆமாம் என்றேன். அப்பாவின் சிலுவைக்கு வலப்பக்கத்தில், கோகோ மரம் ஒன்றை வெட்டி, நானே நின்று குழி தோண்டவைத்தேன்.

அடக்கத்தன்று அண்ணனின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தலைமை ஆசிரியர், உடன் வேலை செய்கிறவர்கள், மாணவர்கள் சிலர். முன்வரிசையில் உட்காரவைத்தோம். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கணவனுக்கான நாற்காலி காலியாக இருந்தது. சித்தப்பா புதுக் கோட்டோடு வந்து, அம்மாவுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த அந்த நாற்காலியை எடுத்துவரச் சொல்லி, அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லாரும் அவர் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டார்கள். அவர் அழவும் அழுதார்.

ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கியபோது கையை உயர்த்தினார்.

"அந்தப் பக்கம் இல்ல. என் வீட்டுக்குப் பின்னால குழி எடுத்து வச்சிருக்கேன். என் பொண்டாட்டி என் பக்கத்துலதான் படுப்பா."

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. ஆட்டைச் சொன்னேன், கோர்ட்டைச் சொன்னேன், அவருக்கு இருக்கிற சொந்தப் பெண்டாட்டியைச் சொன்னேன். சித்தி தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பா கோபப்படவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து அந்த நகலை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

"நீ கட்டிக்குடுத்த பொண்ணு, நீ பேசாத. நான் படிக்காதவன். என் மகன் சர்க்கார் வாத்தியாரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு அவன் எல்லாருக்கும் படிச்சுச் சொல்லட்டும்."

அண்ணன் கையில் கொடுத்தார். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். முன்வரிசையில் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். இது பொய் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா தன் இடத்துக்குப் போயிருப்பாள். மறுநாள் அவனுடைய எண் போயிருக்கும், ஒருவேளை அவனும் ஜெயிலுக்குப் போயிருப்பான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், சொல்லு என்று.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதையும் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றான். "நீங்க சொல்றபடியே ஆகட்டும், அப்பா."

அன்றைக்கு மழை வரவில்லை. அம்மாவைச் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்கு இந்தப் பக்கம் புதைத்தார்கள். அப்பாவின் பக்கத்தில் தோண்டியிருந்த குழியை மறுநாள் காலை நான் தனியாக மூடினேன். அண்ணனுக்கு அன்று முதல் மணி வகுப்பு இருந்தது.